இரண்டாவது பிரேக்

ஓடிப்போவதற்கும் ஒரு லட்சணம் வேண்டும். இந்த மூன்று பேருக்கும் அது மருந்துக்குக்கூட இல்லை.

ஓடிப்போகிற வண்டி, பார்த்தவர் மறந்துபோகிற வண்டியாக இருக்க வேண்டும். இவர்கள் விடிவதற்குள் கிளப்பிக்கொண்டு வந்ததோ டிரைவிங் ஸ்கூல் கார். பளீர் மஞ்சள். இரண்டு பக்கக் கதவிலும் மூவரில் ஒருத்தியான கடுகுடைய அப்பாவின் செல் நம்பர், எதிர் வீட்டு மாடியிலிருந்து படிக்கிற அளவில். திருடப் போனவன் விலாசம் எழுதிவைத்துவிட்டு வந்த கதைதான்.

"இப்ப பாரு என் மூளையை" என்று பைலட் இரண்டு கதவிலும் பழுப்புக் காகிதத்தை ஒட்டினான். ஒட்டியதோடு விட்டானா? அதன்மேல் சிவப்பு மையால் 'அவசரம்' என்று வேறு எழுதினான். யாருக்கு என்ன அவசரம் என்று கடுகு கேட்டதற்கு, அப்படி எழுதினால் எவனும் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டான் என்று விளக்கம்.

கடுகு தலையில் அடித்துக்கொள்ளவில்லை. மனசுக்குள் அடித்துக்கொண்டாள். பதினேழு வயசுக்கு ஆள் சிறுசு. அப்பாவிடம் வண்டி பழக வருகிறவர்கள் வைத்த பெயர்தான் கடுகு. காரம் எப்படி என்று அவர்கள் அப்புறம் தெரிந்துகொண்டார்கள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. துறைமுக நகரத்தில் இருக்கிற அக்கா வீட்டுக் கதவு. பள்ளிக்கூடம் முடிந்தால் மேல்படிப்பு கிடையாது, பெண்கள் வண்டி பழக வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதிக்கிற உத்தியோகம்தான் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். ஸ்டியரிங் பக்கம் கை போனால், "நீ ஓட்டி எங்க போகப் போற?" என்பார். அக்காவுக்கும் இதே கேள்விதான் வந்தது. அவள் ஒரு நாள் போயே காட்டிவிட்டாள். "வந்து நின்னா கதவைத் திறப்பேன். கூப்பிட வரமாட்டேன். உன் கால்ல நீ வரணும்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

வண்டிக்காரர் மகளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அந்த ஒரு வெட்கக்கேட்டால்தான் பைலட்டைக் கூட்டு சேர்க்க வேண்டியதாயிற்று.

பைலட்டுக்கு அந்தப் பெயரை வைத்தவன் பைலட்டேதான். பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு முடிவு வெளியாகும் முன்பு வீட்டைவிட்டுக் கிளம்பியவன். கடுகின் அப்பாவிடம் வண்டி பழகியவன். கார் ஓட்டுவது ரத்தத்தில் ஊறியது என்பான். அவன் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒரு சைக்கிள்தான் ஓடுகிறது.

பின்சீட்டில் தூறல். எதற்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வீட்டில் அடியா, உதையா, ஒன்றும் இல்லை. பைலட் "வாடா" என்றான், வந்துவிட்டான். யாரிடமும் 'மாட்டேன்' என்று சொல்லிப் பழக்கமில்லாத ஜென்மம். ஓடிப்போவதற்குக்கூட ஒருத்தன் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று கடுகு அவனைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் பைலட்டின் வாய் ஐந்தாவது கியருக்குப் போனது. "பாத்தியா, லாரிக்காரனே ஒதுங்கறான். ஓட்டறவன் யாருன்னு ரோட்டுக்குத் தெரியுது."

உண்மையிலேயே ஒதுங்கத்தான் செய்தார்கள். பேருந்துகூட வழிவிட்டது. ஒன்றிரண்டு பேர் சிரித்துக்கொண்டே போனார்கள். ஏன் என்று கடுகுக்கும் விளங்கவில்லை.

ஓட்டியது யார் என்பதுதான் வேடிக்கை. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. இந்தப் பக்கம் மிதித்தால் அந்தப் பக்கப் பெடலும் சேர்ந்து இறங்கும். கடுகு உட்கார்ந்திருந்தது அங்கேதான். முன்னால் மாடு வந்தது, அவள் மிதித்தாள். டிராக்டர் திரும்பியது, அவள் மிதித்தாள். பைலட்டின் கால் ஆடி அசைந்து பெடலுக்கு வருவதற்குள் பெடல் இறங்கியிருக்கும். தான் தொட்டதும் வண்டி நின்றதாக அவன் காலர் இல்லாத பனியனில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான்.

இது அப்பாவின் தொழில் ரகசியம். சத்தமில்லாமல் மிதித்துவிட்டு, "அருமை, கை வந்துடுச்சு உங்களுக்கு" என்பார். ஆள் பூரித்துப்போய் வீட்டுக்குப் போவார். லைசென்ஸ் பரீட்சையில் சுவரில் முட்டிவிட்டு மறுபடியும் முதல் பாடத்துக்கு வந்து நிற்பார். சின்ன வயசிலிருந்து இதைப் பார்த்துப் பார்த்து கடுகுக்கு அப்பா மேல் ஒரு இளப்பம். இப்போது அதையே அவளும் செய்துகொண்டிருந்தாள். அவள் நினைத்துக்கொண்டது வேறு: முட்டாளை வைத்து வேலை வாங்குகிறேன்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். பைலட் கடைக்காரரிடம் தன் சோகக் கதையை எடுத்துவிட்டான். காலையில் பெட்ரோல் பங்கில் அவன் அப்பா குடிகாரர். இங்கே வருவதற்குள் குடியை விட்டுவிட்டு ராணுவ அதிகாரி ஆகியிருந்தார். மகனைத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டுகிறாராம். டீக்கடைக்காரர் காருடைய தலையையும் அவன் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பார்த்துப் போங்க தம்பி என்றார். வாய்க்குள் சிரிப்பு.

கடைக்குப் பின்னால் தூறல் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தான். அவன் அம்மாவுக்குத்தான். பைலட் போய்ப் போனைப் பிடுங்கினான். எட்டப்பன் வேலை பார்க்கிறாயா, இங்கேயே இறக்கிவிட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று எகிறினான். தூறல் வழக்கம்போலத் தூறினான்.

"அம்மாகிட்ட பேசினா ஆகாயம் இடிஞ்சு விழுந்துடுமா?" என்றாள் கடுகு. "போனைக் குடு அவன்கிட்ட."

"வண்டி ஓட்டறவன் நான். சட்டம் போடறதும் நான்தான். நீ பின்னாடி போ. டேய், நீ முன்னாடி வா, என் கண்ணு முன்னாலயே இரு."

அந்த நொடியில் அவள் சொல்லியிருக்கலாம். வண்டியை நிறுத்தியது எல்லாம் நான்தான் என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று வந்தது. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பின்சீட்டுக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். பட்டால் அந்த வண்டியில் தானும்தான் இருப்போம் என்கிற சின்ன விஷயம் அந்த அதிபுத்திசாலிக்கு அப்போது தோன்றவில்லை.

சாலை கொஞ்ச தூரம் நேராகப் போனது. அப்புறம் இறங்கியது. இறக்கத்தின் அடியில் ஒரு வளைவு. வளைவு தாண்டியதும் பாதிச் சாலையைப் பெயர்த்துப் போட்டுத் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவர் சிவப்புக் கொடியோடு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ரோடு ரோலர் ஓட்டுகிறவரிடம் ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தார்.

பைலட் காலைப் பிரேக்கில் வைத்தான். தொட்டால் போதும், தானாக இறங்கும் என்று பழகிய கால். பெடல் இறங்கவில்லை. கார் இன்னும் வேகம் எடுத்தது. பெடலை அமுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"டேய், புடிக்க மாட்டேங்குது" என்றான். இத்தனை நேரம் கேட்காத குரல். அவன் சொந்தக் குரல் அதுதான் போலிருக்கிறது.

கடுகின் கால் பின்சீட்டுத் தரையை உதைத்தது. அங்கே ஏது பெடல்? முன்னால் பாய்ந்து தூறலின் தோளைப் பிடித்தாள்.

"உன் கால் கிட்ட பெடல் இருக்கு. வலது பக்கம் இருக்கறது. மிதி."

தூறல் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். பக்கத்தில் திரும்பி, "மிதிக்கட்டுமாடா?" என்று பைலட்டிடம் அனுமதி கேட்டான்.

"அவனை என்னடா கேக்கற, மிதிடா."

தூறல் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காலாலும் மிதித்தான். டயர் கத்தியது. பின்பக்கம் ஒரு ஆட்டு ஆட்டியது. என்ஜின் குலுங்கி அணைந்தது. கொடிக்காரர் திரும்பிப் பார்த்தபோது காரின் மூக்கு அவர் வேட்டியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் பேசினவன் பைலட்.

"நல்லவேளை, கரெக்டா புடிச்சேன்."

கடுகு எத்தனையோ முட்டாள்களைப் பார்த்திருக்கிறாள். இது வேறு ரகம்.

கொடிக்காரர் காரைச் சுற்றி வந்தார். கதவில் 'அவசரம்' என்பதைப் படித்தார். மேலே நிமிர்ந்து பார்த்தார். "அவசரமா வண்டி கத்துக்கறீங்களா?" என்றார்.

கடுகு இறங்கி அவர் பார்த்த இடத்தைப் பார்த்தாள். காரின் கூரைமேல் முக்கோணப் பலகை. டிரைவிங் ஸ்கூல் பெயர், சிவப்பில் பெரிய 'எல்', கீழே அப்பாவின் நம்பர். பிறந்ததிலிருந்து பார்க்கிற பலகை. அவரவர் மூக்கு அவரவர் கண்ணில் படுமா? லாரி ஒதுங்கியது, பேருந்து வழிவிட்டது, டீக்கடைக்காரர் சிரித்தது எல்லாம் இந்த எல் போர்டுக்கு. பைலட் ஒருத்தன்தான் முட்டாள் என்று அவள் காலையிலிருந்து நம்பிக்கொண்டிருந்தாள்.

"நான் பாத்தேன்" என்றான் தூறல். "நீங்க யாரும் கேக்கலையே."

கொடிக்காரர் அதற்குள் நம்பரை அழுத்திப் பேசிவிட்டு, போனைக் கடுகிடம் நீட்டினார். உன் அப்பாவாம்மா.

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கொட்டாவி விட்டார்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல."

"காலையில இருந்து எட்டுப் பத்துப் பேர் கூப்பிட்டுட்டாங்க. உங்க வண்டி இங்க போகுது, அங்க போகுதுன்னு. உன் கால் அதுல இருக்கற வரைக்கும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுட்டேன். பொழுது சாயறதுக்குள்ள உனக்கே போதும்னு ஆயிடும். திரும்பி வா."

அவ்வளவுதான். துரத்தவில்லை, தேடவில்லை, பதறக்கூட இல்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே பிரேக்கில் கால் வைத்திருக்கிறார். மகள் தானே ஓடுவதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார். பைலட்டுக்கு அவள் செய்தது எதுவோ, அதுதான் இதுவும். தகப்பனுக்குத் தப்பாத மகள். நினைக்கவே வாய் கசந்தது.

"வண்டி இங்க நிக்குது. வந்து எடுத்துக்கங்க" என்றாள்.

"நீ?"

"நான் அதுல இல்ல."

அப்பா முதல்முறையாக வேகமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கடுகு போனைக் கொடிக்காரரிடம் கொடுத்து, நன்றிண்ணே என்றாள். தார்க்காரர்கள் நாலு பேர் காரை ஓரமாகத் தள்ளினார்கள். பைலட் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தள்ளப்பட்டான்.

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அந்தப் பக்கம் ஒரு பிரேக் இருக்கிறது, காலையிலிருந்து மிதித்தது நான், கடைசியில் மிதித்தது இவன் என்று சொன்னாள். கிண்டல் இல்லாமல் சொல்லத்தான் முயற்சி செய்தாள். வரவில்லை. பைலட் குனிந்து பார்த்தான். பக்கத்து இருக்கைப் பெடலைக் கையால் அமுக்கினான். தன் பக்கத்துப் பெடல் இறங்கி ஏறுவதைப் பார்த்தான். மறுபடியும் அமுக்கிப் பார்த்தான். அவனிடம் கதை ஒன்றும் கைவசம் இல்லை.

"நீயாவது இருடா" என்றான் தூறலிடம். "அவ அப்பா வந்தா நான் தனியா என்ன பேசறது?"

தூறலின் கண் ததும்பியது. தொண்டையைச் செருமினான். "மாட்டேன்" என்றான். சொன்னது தான்தானா என்று அவனே சுற்றிலும் பார்த்தான். கையை நீட்டித் தன் போனை வாங்கிக்கொண்டு, கொடிக்கு அந்தப் பக்கம் காத்து நின்ற வண்டி வரிசையில் வீட்டுப் பக்கம் போகிற பேருந்து இருக்கிறதா என்று பார்க்கப் போனான். அழுதுகொண்டேதான் போனான். ஆனாலும் போனான்.

கொடிக்கு இந்தப் பக்கம் நின்ற வரிசையில் துறைமுகம் போகிற பேருந்து ஒன்று இருந்தது. கடுகு ஏறி ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். சிவப்புக் கொடி இறங்கி, பச்சை ஏறியது. ஓரத்தில் மஞ்சள் கார். கதவில் 'அவசரம்'. கூரையில் எல். உள்ளே பைலட், இப்போது பக்கத்து இருக்கைக்கு மாறியிருந்தான்.

வளைவுகள் வந்தன. ஒவ்வொரு வளைவிலும் கடுகின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. கீழே வெறும் தகரம். ஓட்டுநர் யாரையும் கேட்காமல், வெற்றிலை போட்ட வாயோடு, தன் பாட்டுக்குப் பிரேக் போட்டுக்கொண்டும் திரும்பிக்கொண்டும் போனார்.

மானங்கெட்ட கால் என்று அதைத் திட்டிவிட்டு, இருக்கைமேல் மடக்கிப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.