அசைகிறவர்கள் தெரியாத படம்

1

அடாப்டர் கேமராவுக்குள் போக மறுத்தது. ஹில்லெவி கையுறையைப் பல்லால் உருவி எறிந்துவிட்டு, விறைத்த விரல்களால் மறுபடியும் தள்ளினாள். பக்கத்தில் ஸ்கேட்டிங் குழுவின் தலைவர் பெர்டில் மூச்சு வாங்க நின்றார். உறைந்த ஏரியைத் தாண்டிக் கரையேறியதும் ஆளுக்கொரு எண்ணாகக் கூவ வேண்டும் என்பது குழுவின் வழக்கம். கூவினார்கள். கடைசி எண் வரவில்லை. அது ஹில்லெவியின் தம்பி சீக்வார்டின் எண். அவன் வாக்கிடாக்கியிலும் பதில் இல்லை.

(வேகமாகத் தொடங்கிவிட்டேன். கதை எனக்குக் கிடைத்த இடம், ஏரிக்கரை ஊரான வெஸ்டரோஸில் ஒரு கேமரா வாடகைக் கடை. கடைக்காரர் ஓர் அடாப்டரைக் கையில் திணித்து, "இதை நம்பி முக்கியமானது எதையும் எடுக்காதீங்க. கல்யாணம்னா பரவாயில்ல, இன்னொரு தடவை பண்ணிக்குவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அடாப்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்னொரு தடவை நடக்க முடியாததை இதில் எடுத்தவள் யார்?)

2

ஹில்லெவி. உள்ளூர்த் தொலைக்காட்சிக்காக மேலாரன் ஏரியின் நடுத்திட்டில் நின்று குழுவைப் படமெடுத்தாள். கேமராவின் சொந்தக் கார்டுகள் மதியமே நிறைந்துவிட்டதால், சின்ன மெமரி கார்டு ஒன்றை அடாப்டரில் செருகிச் சமாளித்தாள். பிறகு மூடுபனி இறங்கியது. வெளிச்சம் போதவில்லை. ஷட்டரை மெதுவாக்கினாள்.*

* மெதுவான ஷட்டரில் பல படங்களின் வெளிச்சம் ஒரே படத்தில் சேர்கிறது. மங்கலிலும் ஏரி பளிச்சிடும். ஆனால் அசைவதெல்லாம் கரைந்து புகையாகிவிடும்.

3

மீட்பு ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டதாக பெர்டில் சொன்னார். எந்தப் பக்கம் தேடச் சொல்வது? திட்டைச் சுற்றி நாலா பக்கமும் கேமராவைத் திருப்பியவளுக்கு, மூடுபனியில் திசையே பிடிபடவில்லை. படகுவழியின் ஒரு ஓரத்தில் சிவப்புக் கம்பம், மறு ஓரத்தில் பச்சை; சீக்வார்டுக்குப் பின்னால் தெரிந்தது எது என்பதைப் படம்தான் சொல்லும்.

படமெடுத்து முடித்ததும் கழற்றிப் பையில் போட்டிருந்த அடாப்டர் கடைசியில் உள்ளே போனது.

"பயப்படாத," என்றார் பெர்டில். "இன்னிக்கு ஐஸ் ஓடுறவனைத் தாங்கும், நிக்கிறவனைத் தாங்காது. அது உன் தம்பிக்குத் தெரியும். அவன் நிக்கவே மாட்டான்."

ஹில்லெவியின் கை நின்றது. தம்பி சிறுவனாக இருந்தபோது அவனை

(இந்த வரியை அடித்துவிட்டேன். இவ்வளவு பயத்தில் இருப்பவளுக்குப் பழைய நினைவு வராது. விரல் வலி மட்டும்தான்.)

"என்னாச்சு?"

"கார்டைப் படிக்க மாட்டேங்குது."

"தலைகீழாச் சொருகிட்டியா?"

"இது என் வேலை, பெர்டில். கொஞ்சம் நகருங்க."

4

இங்கே மூன்று நாள் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். கார்டு கெட்டுப்போனதாக எழுதியிருக்கலாம், கதை மூடுபனியிலேயே முடிந்திருக்கும். பத்திரிகைக்காரர்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் வாசகரே, அது பொய். உள்ளே போனதுமே கார்டு திறந்துவிட்டது. திரையைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள் ஹில்லெவி. (அவளோடு சேர்ந்து நானும் மறைத்தேன்.)

எவ்வளவு நேரம் மறைத்தாள்? ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் இருப்பவனுக்கு அது என்னவென்று நினைத்துப் பார்க்க எனக்கே தைரியமில்லை. அவளால் நினைத்துப் பார்க்க முடிந்திருக்கிறது, அதனால்தான் விலகினாள்.

திரையில் புகைக்கோடுகள் நெளிந்தன. குழுவில் ஒருவருக்கும் முகமில்லை. நடுவில் ஒரே ஓர் உருவம் மட்டும் கத்தரித்து ஒட்டியதுபோலத் தெளிவாக நின்றது. பின்னால் சிவப்புக் கம்பம்.

பெர்டில் வாக்கிடாக்கியில் கம்பத்தைச் சொன்னார். மேலே எங்கோ ஹெலிகாப்டரின் சத்தம் திசை மாறியது. பிறகு அவர் திரையையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"நிக்கிறானே. பைத்தியக்காரன், எதுக்கு நிக்கிறான்?"

ஹில்லெவி கேமராவை அணைக்கக் கை நீட்டினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒலியைக் கூட்டினார்.

அவன் கிடைத்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். கிடைத்ததாக ஒன்று, கிடைக்காததாக ஒன்று எழுதி இரண்டையும் கிழித்தேன். சிவப்புக் கம்பத்தருகே நீங்கள்தான் இறங்கிப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அந்தக் கார்டில் பதிவான குரல் மட்டும். கேமராவுக்கு மிக அருகில், வாக்கிடாக்கியில் பேசும் ஹில்லெவியின் குரல்:

"சீக்வார்டு, அங்கேயே அசையாம நில்லு. நகர்ந்தா நீ படத்துல இல்லாமப் போயிடுவ."