ஒரே ஷாட்டில் ஒரு துரை

இருபத்திரண்டு வருடம் துணை நடிகனாக இருந்துவிட்டேன். சினிமாவில் என் முதுகைப் பார்க்காத தமிழன் இல்லை. முகத்தைப் பார்த்தவன் ஒருவனும் இல்லை. அதனால்தான் டைரக்டர் சாருலதா என்னை வெள்ளைக்காரத் துரையாக்கி, "மூணு செகண்ட் உங்க முகம் மட்டும்தான் ஃபிரேம்ல இருக்கும்" என்றதும், என் மனைவி தாயம்மா சைதாப்பேட்டை முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள்.

படப்பிடிப்பு, எங்கள் பக்கம் செத்த காலேஜ் என்று சொல்லும் மியூசியத்தில். முழுப் படமும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். விடுமுறை நாள் ஒன்றுக்குத்தான் அனுமதி. கதைப்படி நான் அம்மன் சிலையைத் தூக்கிப்போக வந்திருக்கிறேன். குருக்கள் கடைசியாக ஒரு தீபாராதனை காட்டுவார்; தட்டு என் முன்னால் வரும்போதுதான் அந்த மூன்று செகண்ட்.

"உங்களுக்கு இது வெறும் வெண்கலம். முகத்துல ஒண்ணும் காட்டப்படாது" என்று மேடம் படித்துப் படித்துச் சொன்னார்.

முதல் இரண்டு டேக்கும் யார் யாராலோ கெட்டன. மூன்றாவதுதான் கடைசி; ஐந்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும். ரோஸ் பவுடரும் செம்பட்டை விக்குமாக விறைப்பாய் நின்றேன். மியூசியத்துக்குள் நெருப்பு கூடாதென்று தட்டில் பேட்டரி பல்புதான். அந்தத் தட்டு என் முன்னால் வந்தது. பாழாய்ப்போன கை! பல்பை ஒற்றிக் கண்ணில் வைத்து, கன்னத்திலும் போட்டுக்கொண்டது.

ஷாட் முடியும்வரை எனக்கு உயிரே இல்லை. தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்ட மேடம் ஓடிவந்தார்.

"என்ன சார் பண்ணி வெச்சிருக்கேள்? நீங்க வெள்ளைக்காரன்!" அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

"தட்டு வந்துச்சு மேடம், கை தானா பூட்ச்சு."

கேமராமேன் ஜவஹர் தலையைச் சொறிந்தார். "எதுக்கும் ஒருதரம் போட்டுப் பார்த்துடலாம் மேடம்."

போட்டார்கள். தட்டு வந்த நொடியில் காட்சி அப்படியே கீழே சாய்ந்தது. கேமராவை உடம்போடு கட்டியிருந்ததால் கையெடுக்க முடியாத ஜவஹர், இடுப்போடு குனிந்து கும்பிட்டிருக்கிறார். திரையில் முழங்கால் வரை என் பூட்ஸ்தான். அசையாமல், அசல் துரை மாதிரி.

"ஷாட் ஓகே!" என்று மேடம் குதித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பறிபோன என் மூன்று செகண்டுக்கும் சேர்த்து.

படம் வந்தது. தி.நகர் தியேட்டருக்குத் தாயம்மா தெருவையே கூட்டிவந்தாள். நடந்ததை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சீட்டுக்குள் சுருங்கிக் கிடந்தேன். பூட்ஸ் வந்தது. அவள் துள்ளி எழுந்து விசில் அடித்தாள்.

"தோ பாரு, எங்க ஊட்டுக்காரு!"

"மூஞ்சே வர்லியே, எப்டிடி கண்டுபுட்ச்ச?" என்று அவள் காதைக் கடித்தேன்.

"உன் காலு வளைவு எனக்குத் தெரியாதா? எத்தினி கூட்டத்துல உன்னத் தேடிப் புட்ச்சிருப்பேன்" என்றாள்.