ஆறாம் பக்கத்தின் கடைசி இரண்டு வரிகள்

மாநாடு தொடங்கிய திங்கட்கிழமை காலை எட்டு மணியிலிருந்து தலைநகரத்தில் யாராலும் அழ முடியவில்லை. பல் பிடுங்கிக்கொண்டவர்கள் சிரித்தார்கள், வேலை போனவர்கள் சிரித்தார்கள், பால் கேட்டுச் சிரித்த குழந்தைகளைத் தாய்மார்கள் கடிகாரத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். காரணம் ஊருக்கே தெரியும். வெளிநாட்டு விருந்தினர்களுக்குக் கொடுக்கும் ‘நாடும் தலைநகரும்’ என்ற கையேட்டின் ஆறாம் பக்கத்தில், ‘இந்நகர மக்கள் எந்நேரமும் சிரித்த முகத்துடன் இருப்பார்கள், இங்கே கண்ணீரைக் காணவே முடியாது’ என்று அச்சாகியிருந்தது. கையேட்டில் அச்சானது, விருந்தினர்கள் ஊரில் இருக்கும்வரை நடந்தே தீரும்.

ஊருக்கு இது புதிதல்ல. விமான நிலையம் இருபது நிமிடத் தொலைவு என்று ஒருமுறை அச்சானபோது, ஒன்றரை மணி நேரச் சாலை நான்கு நாள் இருபது நிமிடமாகச் சுருங்கிக் கிடந்து, பிறகு குழிகளோடு பழையபடி நீண்டது. இன்னொருமுறை ஏழு பூங்காக்களை எட்டு என்று போட்டுவிட்டார்கள். எட்டாவது பூங்கா பேருந்துப் பணிமனையின் மேல் முளைத்தது. வரைபடத்தில் ஏழுதான் இருக்கிறதே என்று ஒரு விருந்தினர் தன் பிரதியில் எட்டை அடித்து ஏழு என்று எழுதினார். அந்த நிமிடமே பூங்கா மறைய, மர நிழலில் படுத்திருந்த நடத்துநர்கள் டீசல் கறையில் எழுந்து உட்கார்ந்தார்கள். அதிலிருந்து பழைய கையேட்டை அப்படியே எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுவது கையேட்டை வெளியிடும் அலுவலகத்தின் வழக்கமாயிற்று.

கையேட்டுக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் எழுத்தர் பதினேழு வருடம் அந்த வழக்கத்தை மீறியதில்லை. இந்த முறை ஒரு படத்தைச் சிறிதாக்கியதில் ஆறாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இடம் காலியாகிவிட்டது. “மக்களைப் பத்தி நல்லதா ஏதாவது போட்டு ரொப்புங்க” என்றார் இயக்குநர். கையேட்டுக்காரர் டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தார். நல்லதுதானே, இதில் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று நினைத்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய அண்ணன், ஊரில் பாதி லிஃப்டுகளைப் பழுது பார்த்தவர், செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றி உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் எல்லோரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசித் தரையைப் பார்த்தார்கள். அண்ணி தலைமாட்டில் இருந்தாள். அவள் முகத்திலும் கல்யாணப் படத்தில் இருக்கும் அதே சிரிப்பு. கையேட்டுக்காரரைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

“தம்பி, அது நீங்க எழுதினதாமே?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“முப்பத்தோரு வருஷம் இந்த மனுஷனோட இருந்திருக்கேன். நாளைக்குக் காலையில எடுக்கப் போறாங்க. அதுக்குள்ள ஒரு மணி நேரமாவது நான் அழணும். நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு தம்பி. எப்படியாவது மாத்திக் குடுங்க.”

அவருக்கும் அப்படித்தான் இருந்தது. தூக்கி வளர்த்த அண்ணன். தொண்டைவரை வந்த அழுகை, வாய்க்கு வரும்போது சிரிப்பாக மாறியது. அலுவலகத்துக்கு ஓடினார். ஒரு பிழைதிருத்தச் சீட்டு அச்சடித்துக் கையேட்டில் வைத்துவிடலாம் என்று இயக்குநரிடம் கெஞ்சினார். “நம்ம புத்தகத்துல தப்பு இருக்குன்னு நாமளே சீட்டு எழுதிக் குடுக்கணுமா? அமைச்சர் எவ்வளவு சந்தோஷமா இருக்கார் தெரியுமா? ரெண்டு நாள் பொறுங்க, விருந்தாளிங்க கிளம்பினதும் வெள்ளிக்கிழமை அழுதுக்கலாம்” என்றார் இயக்குநர், சிரித்தபடி. வேறு எப்படியும் அவரால் சொல்ல முடியாதுதான்.

விருந்தினர்களோடு ஊழியர்கள் பேசக் கூடாது என்பது விதி. கையேட்டுக்காரர் மாநாட்டு மண்டபத்துக்குள் நுழைந்து, தெரிந்த அளவு அவர்கள் மொழியில், தன் அண்ணன் இறந்துவிட்டதாகவும் ஆறாம் பக்கத்தில் இரண்டு வரியை அடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். வாயெல்லாம் பல்லாக ஒருவர் சாவுச் செய்தி சொன்னால் யார் நம்புவார்கள்? முதல் விருந்தினர் நல்ல நகைச்சுவை என்று முதுகில் தட்டினார். இரண்டாமவர் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அதற்குள் காவலர் வந்து கையைப் பிடித்துவிட்டார். மூன்றாவது வரிசையில் இருந்த வயதான அம்மாள் ஒருத்தி மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள். ஒரு காலில் அவருடைய செருப்பும் இன்னொன்றில் அண்ணனுடையதும் இருந்தன. “நிஜமாகவா?” என்று கேட்டாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். அவள் பென்சிலை எடுத்து, அவசரமில்லாமல், இரண்டு வரியையும் அடித்தாள்.

கோடு முடிவதற்குள் கையைப் பிடித்திருந்த காவலர் அழத் தொடங்கினார். வரவேற்பு மேசைப் பெண் ஓவென்று அழுதாள். வாசலில் இயக்குநர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, என்றோ போன அம்மாவைக் கூப்பிட்டு அழுதார். இரண்டு நாள் பாக்கியை ஊரே சேர்த்து அழுதது. பேருந்துகள் ஓரமாக நின்றன. இதுவும் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது என்று நினைத்து விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கையேட்டுக்காரர் வீட்டை நெருங்கும்போதே அண்ணியின் அழுகை தெருமுனைவரை கேட்டது. உள்ளே போய் அண்ணன் காலடியில் விழுந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

எழுதியவரை விட்டு அது போகவேயில்லை. விருந்தினர்கள் போன பிறகும், அடுத்த பதிப்பில் அந்த இடத்தில் மழையளவு அட்டவணை வந்த பிறகும் போகவில்லை. மூன்று மருத்துவர்கள் பார்த்துவிட்டு, பற்கள் நன்றாக இருக்கின்றன என்றார்கள். அவரைப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். வருடங்கள் போயின. கல்யாண வீடுகளில் அவரை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சாவு வீடுகளுக்கு அண்ணி துணைக்கு வந்தாள். விவரம் தெரியாத யாராவது முறைத்தால், “அவருக்கு முகம் அப்படித்தாங்க. அழுதுக்கிட்டுத்தான் இருக்கார். கொஞ்சம் தண்ணி குடுங்க” என்பாள். அவர்களும் கொடுத்தார்கள்.