அரை அங்குலம்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாக்கு அழுகட்டும். எனக்கு வயது எண்பத்தொன்று. அழுகுவதற்கு அதற்கும் அதிக அவகாசம் இல்லை. ஆகவே தைரியமாகவே சத்தியம் செய்கிறேன்.

நாற்பது வருஷம் செயற்கைக்கால் செய்தேன். கால் என் வேலை, பாதம் செதுக்குவது தம்பி வேலை, இடுப்போடு கட்டும் தோல்வார் தைப்பது அவன் மனைவி வேலை. ஒருநாள் காலை பட்டறைக்குச் சைக்கிளில் வந்த தம்பியைத் தெருமுனையில் லாரி அடித்துவிட்டது. அங்கேயே உயிர் போயிற்று. ஓட்டியவனுக்கு ஊர் வைத்த பெயர் ஹாரன். ஆளில்லாத ரோட்டிலும் அலறவிட்டுக்கொண்டு போகிறவன். அன்றைக்கு மட்டும் அலறவிடவில்லை.

நான் ஞாயிறு தவறாமல் ஜெபத்துக்குப் போகிறவன். பகைவனை நேசி, துன்பம் செய்தவனுக்காக வேண்டிக்கொள் என்று இயேசு சொல்லியிருக்கிறார். அவர் தச்சர், நானும் மரத்தைத் தொட்டுப் பிழைத்தவன். தொழில்காரர் சொல்லைத் தட்டலாமா? தினமும் ஹாரனுக்காக வேண்டிக்கொண்டேன். இரண்டாம் வருஷம் சர்க்கரை நோயில் அவனுக்கு இடது கால் போயிற்று. என் வேண்டுதலால்தான் என்று சொல்லமாட்டேன். நான் கேட்டது இரண்டு கால்.

ஊன்றுகோலோடு பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, வேற பட்டறை இல்ல. உங்க முகத்தப் பாத்துக் கேக்க எனக்கு யோக்கியத இல்ல. அதான் தரையப் பாத்துக் கேக்கறேன்."

தம்பி மனைவி ஊசியை நிறுத்தாமல் சொன்னாள்: "செஞ்சு குடுத்து அனுப்புங்க அத்தான். அப்புறம் இந்த ஆள் இந்த வாசல மிதிக்கக்கூடாது."

அலமாரியில் அவன் அளவுக்கு ஒரே ஓர் இடது பாதம்தான் இருந்தது. தம்பி கடைசியாகச் செதுக்கியது. அதைப் பொருத்தும்போது என் கை நடுங்கியது. கை நடுங்கியதால்தான் கால் அரை அங்குலம் குறைந்தது என்று சொல்லலாம். ஆனால் சத்தியம் செய்திருக்கிறேனே. வேண்டுமென்றேதான் குறைத்தேன்.

புதுக்கால் போட்டவரை இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கவிட்டு, பின்னால் நின்று இடுப்பைப் பார்ப்போம். ஒரு பக்கம் தாழ்ந்தால் குதிகாலுக்கு அடியில் மரச்சில்லு வைப்போம். எத்தனை சில்லில் இடுப்பு சமமாகிறதோ, அவ்வளவு உயரம் கூட்டவேண்டும். ஹாரனுக்கு மூன்று சில்லு, அதாவது அரை அங்குலம், தேவைப்பட்டது. மூன்றையும் உருவிவிட்டு, "சரியா இருக்கு, போ" என்றேன்.

கும்பிட்டுவிட்டுப் போனான். அரைமணியில் திரும்பி வந்தான்.

"வீட்டுக்குத்தான் கிளம்பினேன் அண்ணே. கால் இங்க கொண்டாந்து விட்டுருச்சு."

இடது பக்கம் சாய்ந்து நடக்கிறவன் இடது பக்கமே வளைவான் அல்லவா? வளைந்து வளைந்து, எங்கே புறப்பட்டாலும் என் வாசலில் வந்து முடிந்தான். மகள் கல்யாணத்துக்குப் போனவன் புதுச்சட்டையோடு வந்து நின்றான். தப்பிக்க ஒருநாள் பஸ் ஏறினான். அவன் இடப்பக்கம் உட்கார்ந்ததில் பஸ்ஸே வளைந்து எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. டிரைவர் இறங்கி என்னிடம் வழி கேட்டார். ஆறு பயணிகள் சாட்சி, தேடினால் கிடைப்பார்கள்.

தம்பி மனைவி முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் வாரம் எழுந்து உள்ளே போனாள். மூன்றாம் வாரம், நிற்கமுடியாமல் சுவரைப் பிடித்தவனுக்கு முக்காலியை நகர்த்திப் போட்டாள். என்னைப் பார்க்காமல்தான் போட்டாள். எனக்கோ சோறு இறங்கவில்லை. அவன் வலியைப் பார்த்துச் சந்தோஷப்படலாம் என்றுதான் குறைத்தேன். தினமும் கண்ணெதிரே பார்க்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடவில்லை. அதிலும் வாசலில் தேய்வது தம்பியின் பாதம்.

ஒருநாள் தம்பி மனைவி ஹாரனின் அறுந்த வாரைத் தைக்க வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு பக்கமே தேஞ்சிருக்கு. அளவு எடுத்தது யாரு?"

"நான்தான்."

"இடுப்பு பாத்தது?"

"அதுவும் நான்தான்."

ஊசியைக் கீழே வைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "அந்த ஆள் தெரியாம இடிச்சார் அத்தான். நீங்க அளந்துல்ல இடிச்சிருக்கீங்க" என்றாள்.

முக்காலியில் இருந்த ஹாரனுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவன் சொன்னது இவ்வளவுதான்: "கம்பியில நடக்கும்போதே தெரியும் அண்ணே. எனக்கு இது போதும்னு நெனச்சேன்."

நான் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். முதன்முறையாக எனக்காக வேண்டிக்கொண்டேன். காலைக் கழற்றி, மூன்று சில்லின் உயரத்தையும் கூட்டி, நானே மாட்டிவிட்டேன். எழுந்தான். இடுப்பு மட்டக்கோல் வைத்தாற்போல் நின்றது. அப்படியொரு நேர்நடை நடந்தான், தெருமுனையில் திரும்பவேண்டும் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. எதிரே இருந்த ரொட்டிக்கடைக்குள் நுழைந்து, பின்வாசலில் வெளியேறி, நேராகப் போய்க்கொண்டே இருந்தான். அப்புறம் என் வாசலுக்கு வரவில்லை.

ஒருவர் இறந்தால் அவருடைய செயற்கைக்காலைச் செய்தவரிடமே திருப்பித் தருவது உண்டு, வாரும் திருகும் இன்னொருவருக்கு உதவும். போன மாதம் ஹாரனின் மகள் அந்தக் காலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

நான் உயரம் கூட்டிய இடத்தில் என்னுடையதல்லாத ரம்பத் தடம் இருந்தது. அளந்து பார்த்தேன். அரை அங்குலம் குறைவு.