நீயே எடுத்துக் கொடு

இன்னும் நாற்பத்தோரு மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தனசேகரன் பரீட்சைக்குப் போக வேண்டும். இன்று சனிக்கிழமை, மாலை நான்கு. கணக்குப் போட்டது அவனல்ல, அவன் தங்கை பூவம்மா. கடிகாரத்தைப் பார்த்தால் அவளுக்குக் கழித்தல் தானாக வந்துவிடுகிறது.

ஓவன் ரோட்டில் ஒரு தையல்கடைக்கு மேலே இரண்டு அறைகள். கீழே மிஷின் ஓடினால் மேலே தரை லேசாக அதிரும். அந்தத் தரையில்தான் தினமும் பரீட்சைக்கான ஒத்திகை நடந்தது. தீப்பெட்டிகள்தான் கப்பல்கள். ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கத்தில் சிவப்புக் காகிதமும் வலப்பக்கத்தில் பச்சைக் காகிதமும் ஒட்டியிருந்தாள் பூவம்மா. இரவில் கப்பலுக்குக் கப்பல் அடையாளம் அந்த இரண்டு விளக்குகள்தான். எதிரே தெரிவது சிவப்பா பச்சையா என்பதை வைத்துத்தான் யார் ஒதுங்குவது, யார் நேரே போவது என்று முடிவாகும்.

செகண்ட் மேட் டிக்கெட். கப்பலில் அதிகாரியாக நின்று காவல் பார்க்க அரசாங்கம் கொடுக்கும் உரிமத்துக்குக் கப்பல்காரர்கள் வைத்த பெயர் அது. தனசேகரன் நான்கு வருடம் கரையோரக் கப்பல்களில் பயிற்சியாளனாக இருந்தவன். டிக்கெட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறான். முதல் முறை காய்ச்சல் என்று வாசற்படியிலிருந்தே திரும்பி வந்தான். இரண்டாம் முறை வாய்மொழித் தேர்வில் போய்விட்டது என்றான். இந்த மாதக் கடைசிக்குள் டிக்கெட் வராவிட்டால் அவனுக்காக வைத்திருக்கும் அதிகாரி இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

அப்பா மாணிக்கம் துறைமுகத்தில் கிராணி. கப்பலில் ஏறும் மூட்டைகளையும் இறங்கும் மூட்டைகளையும் எண்ணி எழுதுபவர். தங்கக்கோடு போட்ட அதிகாரிகள் ஏணியில் ஏறும்போது ஒதுங்கி நின்று நின்று அவருக்கு ஒரே ஓர் ஆசை பிறந்திருந்தது. ஒருநாள் தன் மகன் ஏற வேண்டும், மற்றவர்கள் ஒதுங்க வேண்டும். அதற்காக ஒத்திகையை அவரே மேற்பார்வை பார்த்தார். கேட்டுக் கேட்டு அம்மா ரத்தினம்மாவுக்கே பாதி விதிகள் மனப்பாடம். போன வாரம் தேக்கா மார்க்கெட் வாசலில் இரண்டு மூன்றுசக்கர டிரைஷாக்கள் முட்டிக்கொண்டு நின்றபோது, நேருக்கு நேர் வந்தால் இரண்டு பேரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டுமென்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தாள். அன்று வீட்டில் தனசேகரன் கூடச் சிரித்தான்.

பூவம்மாவுக்குப் புரியாதது ஒன்று இருந்தது. அவள் பி.எஸ்ஸி. முடித்துப் பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறாள். விடை தெரியாமல் தோற்கும் பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். அண்ணன் அந்த ரகமில்லை. எந்த விதியை எங்கிருந்து கேட்டாலும் ஒரு சொல் பிசகாமல் சொன்னான். பயமாக இருக்கலாம் என்று நினைத்தாள். ராத்திரியில் அவன் பல்லைக் கடிப்பது அடுத்த அறை வரை கேட்கும். சோற்றைப் பிசைந்து பிசைந்து பாதியில் எழுந்துவிடுவான்.

"இவ்வளவு படிச்சும் சோறு தொண்டையில இறங்கலன்னா, எல்லாம் தாய்மாமன் வழி" என்றார் மாணிக்கம்.

ரத்தினம்மாவின் அண்ணன் அழகப்பன் உலக யுத்தம் வருவதற்கு முன்னால் குளுவாங்கில் ரயில்வேயில் கொடி காட்டும் வேலை பார்த்தவர். குடித்துவிட்டுச் சிவப்புக்குப் பதில் பச்சையைக் காட்டினார் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் மாணிக்கத்தின் வாயில் அந்தக் கதை ஒரு முறை வராமல் போகாது. மாமா செத்துப் பதினைந்து வருடமாகியும் கதை சாகவில்லை.

அந்த நேரத்தில்தான் ஜலாலுதீன் வந்தார். தனசேகரன் வேலை செய்த கப்பலில் சுக்கான் பிடிப்பவர். பினாங்கிலிருந்து ஜாதிக்காய் வாங்கி வந்திருந்தார். தரையில் கிடந்த தீப்பெட்டிகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கப்பலுக்கு முதலாளியாகிவிட்ட பிறகும் தம்பிக்கு எதற்குப் பரீட்சை என்றார். மாணிக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். பையன் கப்பலில் எப்படி என்று கேட்டார். பெற்றவர்கள் அப்படிக் கேட்டால் புகழ்ந்து சொல்ல வேண்டுமென்பது ஜலாலுதீனுக்குத் தெரியும். ஆனால் அவர் மனதாரத்தான் சொன்னார்.

"மத்த ஆபீசருங்க நம்மள மனுசனாவே மதிக்க மாட்டாங்கண்ணே. நாம வாயத் தொறக்கறதுக்குள்ள, பாத்துட்டேன் பாத்துட்டேன்ம்பாங்க. தம்பி அப்படியில்ல. ராத்திரியில எந்த வெளக்கு தெரிஞ்சாலும் நான் சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டிருக்கும். நான் பச்சைன்னு சொன்னப்புறந்தான் அதுவும் பச்சைன்னு சொல்லும். ஒரு நாள்கூட என்னை முந்தினதில்ல. பெரியவங்களுக்கு மரியாதை தெரிஞ்ச புள்ள."

மாணிக்கத்தின் முகம் மலர்ந்தது. நாங்கள் வளர்த்தது அப்படி என்றாள் ரத்தினம்மா. வீட்டிலும் அவன் அப்படித்தான், தீபாவளிச் சட்டையைக்கூடத் தானாக எடுக்க மாட்டான், நீயே எடுத்துக் கொடும்மா என்றுதான் சொல்வான் என்று சேர்த்துக்கொண்டாள். தனசேகரன் ஜாதிக்காயை உருட்டிக்கொண்டு குனிந்திருந்தான்.

பூவம்மாவின் கையில் தேநீர்த் தட்டு இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

நீயே எடுத்துக் கொடு. அவளுக்கு எத்தனையோ ஞாபகம் வந்தது. மாம்பழத்தை அண்ணன் அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பான். கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் அவனைச் சோதனைக்கூடத்துக்குக் கூட்டிப்போய், உப்புகளைச் சுடரில் காட்டி எரிய வைத்தாள். ஒன்று ரத்தச் சிவப்பாக எரிந்தது, ஒன்று பச்சையாக. எது பிடித்தது என்று கேட்டாள். இரண்டும் அழகாக இருக்கிறது என்றான்.

ஜலாலுதீன் போனபின் ஒத்திகை தொடர்ந்தது. பூவம்மா சமையலறைக்குப் போய் ஒரு தீப்பெட்டியை எடுத்தாள். பச்சை இருக்க வேண்டிய வலப்பக்கத்தில் சிவப்பை ஒட்டினாள். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை. கொண்டுவந்து அண்ணனுக்கு இடப்புறமாக, வலப்பக்கம் அவனுக்குத் தெரியும்படி வைத்தாள்.

அவன் நன்றாகவே பார்த்தான். "இடது பக்கமா வர்றான். பச்சை காட்டுறான். அவன்தான் ஒதுங்கணும், நான் நேரா போலாம்" என்றான்.

சிவப்புக் காகிதம் அவனுக்கு நேரே இருந்தது. அப்பா செய்தித்தாளின் மறுபக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை.

ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவுக்கு வரக் கூடாதென்று பிள்ளைகளுக்குச் சொல்பவள் அவள். காகிதத் துண்டுகள் இருந்த தட்டை நகர்த்தி, ஒன்று கிழிந்துவிட்டது, ஒரு சிவப்பு எடுங்கள் அண்ணே என்றாள். அவன் கை தட்டுக்கு மேலே போய் நின்றது. பிறகு திரும்பியது.

"நீயே எடுத்துக்க பூவு" என்றான்.

அப்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்தது. அவனுக்கு எப்போதிருந்தோ தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்தது.

பரீட்சையில் முதலில் வருவது கண். எழுத்துத் தேர்வும் வாய்மொழியும் அதற்குப் பிறகுதான். இருட்டறையில் உட்கார வைத்து, கடுகளவு விளக்குகளைக் காட்டி, சிவப்பா பச்சையா வெள்ளையா என்று கேட்பார்கள். அதில் தவறினால் மேல்தளத்தில் அதிகாரியாக நிற்க வழியே கிடையாது. அந்த விளக்கை வீட்டில் யாரும் பரீட்சையாகவே நினைக்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும் என்பார் மாணிக்கம். கம்பெனியில் சேரும்போது டாக்டர் எழுத்துகளை மட்டும் படிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அண்ணன் இரண்டு முறையும் அந்த இருட்டறை வாசல் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறான். வாய்மொழித் தேர்வு என்று ஒன்று அவனுக்கு நடக்கவே இல்லை. அதை யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் யோசித்தாள். மருந்தில்லை. கண்ணாடி இல்லை. பயிற்சி செய்தால் வருவதுமில்லை. அவளுடைய பாடப்புத்தகத்தில் அது அரைப் பக்கம். தாய் வழியாக வரும், பெண்கள் தெரியாமல் சுமப்பார்கள், ஆண்களிடம் வெளிப்படும். பரீட்சையில் அதற்குச் சரியாக விடை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தன்பாட்டில் பேசினாள். "உங்கப்பா வாயடைக்கவாவது சேகரு பாஸாகணும்டி. எங்கண்ணன் குடிச்சு நான் பாத்ததே இல்ல. கள்ளுக்கடைப் பக்கமே போகாது. கொடிய மாத்தித் தூக்கிடுச்சுன்னு எல்லாரும் சொல்றப்போ நான் என்ன சொல்றது? எனக்கு என்ன தெரியும்?"

பூவம்மா கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள். ஒடிக்கத் தேவையில்லாத தண்டையும் ஒடித்தாள். அம்மாவின் அண்ணன். அம்மாவின் மகன். நடுவில் அம்மா, ஒன்றும் தெரியாமல். இனி தனக்கு ஒரு மகன் பிறந்தால் என்ற எண்ணம் வந்ததும் எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள்.

சாயங்காலம் அண்ணனும் தங்கையும் ஃபேரர் பார்க் திடல் வரை நடந்தார்கள். பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் சிவப்புச் சட்டை, மறுபக்கம் பச்சை. யார் எந்தப் பக்கம் என்று அண்ணனுக்கு எப்படித் தெரியும், ஓடும் திசையை வைத்தா என்று நினைத்தாள். கேட்கவில்லை. சிறு வயதிலிருந்தே அவளுக்கு முக்கியமானதெல்லாம் தொண்டையோடு நின்றுவிடும்.

"ஜலாலுதீன் பாய் ரொம்பப் பேசுறாரு" என்றான் அவன்.

அவள் உருண்டு வந்த பந்தை எடுத்துப் பையன்களிடம் வீசினாள்.

"பாய் பக்கத்துல இருந்தா எனக்கு ஒண்ணும் தெரியாமப் போகாது பூவு. நாலு வருஷமா ஒரு தப்பு நடக்கல."

பாய் இல்லாத இரவில் என்ன நடக்கும் என்று அவள் கேட்டிருக்கலாம். அவனும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. திடலை இன்னொரு சுற்றுச் சுற்றிய பிறகு, இந்தத் தடவை உள்ளே போய்விடுவதாகச் சொன்னான். மூன்று விளக்குதானே, குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதியாவது சரியாக வராதா என்றான். அந்தக் கணக்கு எப்படி முடியுமென்று அவளுக்குத் தெரியும். தெரியாதவள் போல் தலையாட்டினாள்.

"அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றான்.

திங்கட்கிழமை காலை, பூவம்மாவையும் கூடப் போகச் சொல்லி அப்பா உத்தரவு போட்டார். இந்த முறையும் படியிலிருந்து திரும்பிவிடாமல் அவள் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கு வயிற்றுவலி என்று ஆள் சொல்லி அனுப்பினாள். வாழ்க்கையில் முதல் பொய். அம்மா கற்பூரம் சுற்றி, கழுத்துப்பட்டையை அவளே தேர்ந்தெடுத்துக் கட்டிவிட்டாள்.

ஆற்றுமுகத்தை ஒட்டிய பெரிய கட்டடம். மாடியில் நீண்ட தாழ்வாரம், ஒரு பெஞ்சு. வெள்ளைச் சட்டை போட்ட ஏழெட்டு இளைஞர்கள் உதடு அசைத்து விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கழிவறைக்கும் பெஞ்சுக்குமாக நடந்தான். தனசேகரனின் உதடு மட்டும் அசையவில்லை. பெயர் கூப்பிட்டதும் எழுந்தான். கறுப்புத் திரை போட்ட கதவு ஒன்று இருந்தது. அதன் முன் ஒரு நொடி நின்றான். பூவம்மா தன் செருப்பையே பார்த்தாள். திரை அசைந்த சத்தம் கேட்டது.

ஜன்னலுக்கு வெளியே ஆற்றில் தொங்கான் என்னும் சரக்குப் படகுகள் போய்க்கொண்டிருந்தன. பகலில் அவற்றுக்கு விளக்கு வேண்டியதில்லை. பகலிலேயே ஓடும் கப்பல் என்று ஒன்று இருக்கக் கூடாதா என்று அவள் நினைத்தாள். விஞ்ஞானம் படித்தவள் நினைக்கக் கூடியதல்ல அது.

அவன் சீக்கிரமே வெளியே வந்தான். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான்.

"வெள்ளை எல்லாம் சரியாச் சொன்னேன்" என்றான்.

பஸ் ரோச்சோர் கால்வாயைத் தாண்டும்போது, அப்பாவிடம் தானே சொல்லிக்கொள்வதாக அவன் மெதுவாகச் சொன்னான்.

மாணிக்கம் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, சலவைச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுத்துத் தேர்வு சாயங்காலம் வரை நடக்குமென்று அவருக்குத் தெரியும். பன்னிரண்டு மணிக்கு மகன் படியேறி வந்ததைப் பார்த்ததும் எழுந்தார்.

"போயிருச்சுப்பா" என்றான் தனசேகரன்.

எது போயிற்று, எழுதவே இல்லையே, அதற்குள் எப்படிப் போகும் என்று அவர் கேட்டார். அவன் வாயைத் திறந்தான், மூடினான். கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டு நின்றான். அவர் அருகில் வந்து அவன் முகத்துக்கு நேரே மூச்சை இழுத்து முகர்ந்தார்.

"குடிச்சியாடா?"

அவன் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினான்.

"குடிச்சிருப்ப. அழகப்பன் மருமகன்தானே. அவன் ரயிலோட போனான், இவன் கப்பலோட போவட்டும்."

ரத்தினம்மா சமையலறை வாசலில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

தீப்பெட்டிகள் இன்னும் தரையில்தான் கிடந்தன. காகிதம் மாறிய அந்த ஒன்றும் அவற்றோடு கிடந்தது. பூவம்மா அதைக் குனிந்து எடுத்தாள். அப்பாவிடம் அவள் இதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவன் வேண்டாமென்று சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

"அண்ணன் குடிக்கலப்பா" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் வித்தியாசம் தெரியாது. பிறந்ததுலேருந்தே தெரியாது." அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அழகப்பன் மாமாவுக்கும் தெரிஞ்சிருக்காதும்மா. மாமா குடிச்சிருக்க மாட்டாரு."