யெதிதியா

விடுதியின் சலவை அறையில் பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அன்று என்னோடு மடிப்பவள் வரவில்லை. என்னைப் பார்க்க வந்த தம்பி, தானாகவே மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"இழுத்துப் பிடிடா. பிள்ளைக்கு அப்பனாயிட்ட, கையில பலத்தையே காணோம்."

"அந்த எலி எங்க தூங்க விடறான்க்கா? பகலெல்லாம் பெரிய மனுஷன் மாதிரி தூக்கம், ராத்திரியானா கச்சேரி."

சிரித்தோம். மூலைகளைச் சேர்க்க நான் அருகில் போனபோது அவன் சிரிப்பு நின்றிருந்தது.

"அக்கா... அந்தப் பேரை எங்களுக்குத் தருவியா? என் பொண்டாட்டிதான் கேக்கச் சொன்னா. முடியாதுன்னா சொல்லிடு, கோவிச்சுக்க மாட்டோம்."

எந்தப் பெயர் என்று நான் கேட்கவில்லை. யெதிதியா. கர்த்தருக்குப் பிரியமானவன். வயிற்றில் இருக்கும்போதே என் மகனுக்கு நான் தேர்ந்தெடுத்தது. சாலொமோன் ராஜா பிறந்தபோது தீர்க்கதரிசி மூலம் கர்த்தர் அனுப்பிய பெயர் அது. அதன்பின் அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. என் மகனையும் நான் ஒரு தடவைதான் கூப்பிட்டேன், ஆஸ்பத்திரியில், பிறந்த உடனே அவனை வைத்த கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று.

மகனைப் புதைத்த பிறகு, வேதத்தில் அந்தப் பெயர் வரும் அதிகாரத்தை மறுபடி படித்தேன். சாலொமோனுக்கு முன்னால் அதே தாய்க்கு ஒரு குழந்தை பிறந்து, சில நாளில் செத்துப்போனது. அதற்கு வேதம் பெயரே சொல்லவில்லை. பிழைத்தவனுக்கு இரண்டு பெயர், போனவனுக்கு ஒன்றும் இல்லை. பின்னால் வரப்போகிறவனின் பெயரை, போகிறவனுக்கு வைத்துவிட்டேனோ? அதையும் இப்போது கொடுத்துவிட்டால் என் பிள்ளை வெறும் "அந்தக் குழந்தை" ஆகிவிடுவான்.

விரிப்பு எங்களுக்கு நடுவே தொய்ந்து கிடந்தது. தம்பி காத்திருந்தான்.

"சர்டிபிகேட்ல மட்டும் போட்டுக்கறோம்க்கா. உன் காதுபட யாரும் கூப்பிட மாட்டோம். வீட்டுல எலின்னுதான் கூப்பிடுவோம்."

என் மனம் நோகக் கூடாதென்று யோசித்து வைத்திருக்கிறான். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"எழுதி வச்சுட்டுக் கூப்பிடாம இருக்கவாடா பேரு? எடுத்துக்கோ. ஆனா வாய் நிறையக் கூப்பிடணும். திட்டும்போதும் அதைச் சொல்லித்தான் திட்டணும்."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசலுக்குப் போய் மனைவிக்குப் போன் போட்டான். பிள்ளையின் காதில் வைக்கச் சொன்னான்.

"யெதிதியா... டேய் யெதிதியா... அப்பா கூப்பிடறேன்டா!"

கொஞ்ச நேரத்தில் என் பக்கம் திரும்பினான். "அக்கா, கண்ணைத் திறந்து முழிக்கிறானாம்!"

நான் கூப்பிட்டபோது என் மகன் கண்ணைத் திறக்கவில்லை. நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனாலும் தம்பி என் முகத்தைப் பார்த்துப் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டான்.

"வைக்காதடா. இன்னொரு தடவை கூப்பிடு."

அவன் வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை. கைக்குள்ளிருந்த போனில் அவன் மனைவி, "என்னங்க... என்னங்க..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.