கிணற்றுக்கு ஒரு தொடலி

கீழே உள்ளதில் ஒரு சொல் பொய்யென்றாலும், மிச்சமிருக்கும் என் இரண்டு கடைவாய்ப் பற்களும் இன்றைக்கே விழட்டும்.

பண்டத்தரிப்பில் தம்பிராசாவின் உடலுக்கு எண்ணெயும் அரப்பும் வைத்தாயிற்று. குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். குழாயடியில் பிடித்த தண்ணீரைப் பிளாஸ்ரிக் பீப்பாவில் கொண்டுவந்து வைத்தார்கள். மகள் தர்சினி அதைத் திரும்பியும் பாராமல், வெறும் வாளியோடு பக்கத்து வளவுப் படலைக்குப் போனாள்.

அந்த வளவு தம்பிராசாவின் அண்ணன் நடராசா மாஸ்ரருடையது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். தகப்பன் விட்டுப்போன கிணறு அவர் பக்கம். காணி பிரித்தபோது, தகரவேலியைக் கிணற்றுக்குத் தொடலியாக இழுத்தவர் அவர்தான். தொடலி என்கிற கோடு வட்டத்தை ஒரேயொரு புள்ளியில் தொடும், உள்ளே போகாது. பங்கு கேட்ட தம்பிக்கு அந்தப் புள்ளியைக் கொடுத்தார். புள்ளிக்கு நீளமும் இல்லை, அகலமும் இல்லை. ஆகவே வாளி இறங்கவில்லை. வேலி அவ்வளவு துல்லியம். அந்த இடத்தில் குந்தவந்த காகம், எந்தக் காலை எந்த வளவில் வைப்பதென்று தெரியாமல், பறந்தபடியே தண்ணீர் குடித்ததை நானே கண்டேன்.

“பெரியப்பா, அப்பாவைக் குளிப்பாட்ட ஒரு வாளி தாங்கோ. சாகேக்கையும் உந்தக் கிணத்துத் தண்ணியைத்தான் கேட்டவர்.”

மாஸ்ரர் படலையைத் திறக்கவில்லை. கைத்தடியால் புழுதியில் ஒரு வட்டம் கீறி, அதை ஒட்டிக் கோடொன்று இழுத்தார்.

“இஞ்சை பார் பிள்ளை. வெட்டினால்தான் பங்கு. தொட்டால் இல்லை. கொப்பருக்கு எத்தினை தரம் விளங்கப்படுத்தினனான், மண்டையிலை ஏறேல்லை.”

“அப்ப துடக்கு? அப்பா செத்த துடக்கு உங்களுக்கும்தானே முப்பத்தொரு நாள். அது எந்தப் புள்ளியாலை பூந்து வந்தது?”

மாஸ்ரர் கோட்டை இன்னும் அழுத்திக் கீறினார்.

“துடக்கு ரத்தத்திலை வாறது. தண்ணி காணி உறுதிப் பத்திரத்திலை வாறது.”

“ஓம் பெரியப்பா. நல்லாத்தான் படிப்பிச்சிருக்கிறியள்.”

தம்பிராசா குழாய்த் தண்ணீரில் குளித்தார். அரப்பு மணத்தை மீறிக் குளோரின் மணத்தது.

ஆண்கள் உடலைச் சுடலைக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். தகரத்துக்கு அப்பால் கப்பி கிறீச்சிட்டது. மாஸ்ரர் துடக்குக்கு முழுகிக்கொண்டிருந்தார், வாளி வாளியாக. தர்சினி தன் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிணறு வட்டமே இல்லை, சதுரக் கிணறு.